ஊருக்குப் போகும்போது ஃபிரிட்ஜ்: ஓடட்டுமா, அணைக்கலாமா?

மே மாத விடுமுறைக்குக் கிளம்பும் வீடுகளில், பெட்டி கட்டி முடித்த பிறகுதான் ஃபிரிட்ஜின் நினைவே வருகிறது. வழிகள் மூன்று: இருப்பதோடு ஓடவிடலாம், கெடக்கூடியதை எடுத்துவிட்டு ஓடவிடலாம், முழுக்கக் காலி செய்து அணைக்கலாம். வீட்டின் மெயின் சுவிட்சையே இறக்கிவிட்டுப் போகிறவர்களும் உண்டு. உள்ளே மாவும் மீனும் இருக்கும்போது அப்படிச் செய்தால், திரும்பி வரும்போது வீடு முழுக்க நாற்றம்தான் வரவேற்கும்.

நான்கைந்து நாள் பயணம் என்றால் ஓடவிடுவதே சரி. பால், உடைத்த தேங்காய், நறுக்கிய காய் மூன்றையும் மட்டும் தீர்த்துவிடுங்கள். இட்லி மாவு குளிரிலும் மெதுவாகப் புளித்துக்கொண்டே இருக்கும் என்பதால் அதையும் வைக்க வேண்டாம்.

இரண்டு மூன்று வாரம் என்றால் மின்வெட்டையும் கணக்கில் எடுக்க வேண்டும். கதவைத் திறக்காமல் இருந்தால் கீழ்ப்பகுதி சுமார் 4 மணி நேரம் குளிர் காக்கும். நிரம்பிய ஃபிரீசர் 48 மணி நேரம் தாங்கும், பாதி நிரம்பியது 24 மணி நேரம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது சென்னையின் பல பகுதிகளில் நாள்கணக்கில் மின்சாரம் வரவில்லை. அத்தகைய நாள்களில் இந்தக் கணக்கெல்லாம் போதாது. மின்சாரம் போய்த் திரும்பினால், உருகிய மீன் மறுபடி உறைந்து நல்ல மீன் போலவே கிடக்கும். இதைக் கண்டுபிடிக்க எளிய வழி உண்டு. ஒரு கிண்ணத்தில் தண்ணீரை உறையவைத்து, மேலே ஒரு நாணயத்தை வைத்துவிட்டுப் போங்கள். திரும்பி வரும்போது நாணயம் அடியில் கிடந்தால், ஃபிரீசரில் இருப்பதை யோசிக்காமல் கொட்டிவிடலாம். மேலேயே இருந்தால் பயமில்லை.

ஒரு மாதத்துக்கு மேல் என்றால் அணைப்பதையே நான் சொல்வேன். மின் கட்டணம் இதற்குக் காரணமில்லை. நட்சத்திர முத்திரையில் ஆண்டுக்கு 240 யூனிட் என்று இருந்தால் மாதத்துக்கு 20 யூனிட்தான்; கதவே திறக்காத வீட்டில் அதைவிடக் குறையும். மின்சாரம் நின்றாலும் பழுது வந்தாலும் கவனிக்க ஆள் இல்லை என்பதே காரணம்.

ஆனால் அணைப்பதற்கு முன்னேற்பாடு அதிகம் தேவை. கதவை மூடிவிட்டு அணைத்தால், கடலோர ஊர்களின் ஈரக்காற்றில் கதவு ரப்பர் மடிப்புகளில் பூஞ்சை படர்ந்துவிடும். முந்தைய நாளே அணைத்துப் பனியை உருகவிட்டு, உள்ளே ஈரமில்லாமல் துடைத்து, கதவு மூடிக்கொள்ளாதபடி இடையில் ஒரு துண்டைச் சுருட்டிச் செருக வேண்டும். பனியைக் கத்தியால் சுரண்டவே கூடாது. இன்றைய ஃபிரிட்ஜ்கள் பலவற்றில் ஓடுவது ஐசோபியூட்டேன் என்னும் எரியும் வாயு. குழாயில் ஓட்டை விழுந்தால் ஆபத்து.

பலரும் மறப்பது பின்பக்கத் தண்ணீர் டிரேயை. ஃபிரிட்ஜ் ஓடும்போது கம்ப்ரசரின் சூட்டில் அந்தத் தண்ணீர் ஆவியாகிக்கொண்டிருக்கும். அணைத்தால் தேங்கி நிற்கும். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையிட அவ்வளவு தண்ணீரே போதும். அந்த டிரேயைக் காலி செய்து உலர்த்தாமல் வீட்டைப் பூட்டாதீர்கள். பாதிப்பு அக்கம்பக்கத்துக்கும் சேரும்.

துடைப்பதற்குச் சமையல் சோடாவா, வினிகரா? உள்சுவருக்கும் தட்டுகளுக்கும் சோடாதான்: ஒரு லிட்டர் வெதுவெதுப்பான நீரில் இரண்டு மேசைக்கரண்டி. அதற்கென்று வாசனை இல்லை, பழைய வாடையையும் குறைக்கும். ரப்பரில் பூஞ்சைக் கறுப்பு இருந்தால் தண்ணீர் கலந்த வினிகர் மேல். இரண்டையும் ஒன்றாகக் கலந்தால் ஒன்றையொன்று முறித்துக்கொள்ளும், பயனில்லை. குளிர்ந்த கண்ணாடித் தட்டில் சுடுநீர் ஊற்றினால் விரிசல் விழலாம். வெளியே எடுத்துவைத்து, குளிர் விட்டபின் கழுவுங்கள்.

வீடு மாறுகிறவர்களுக்கு அணைப்பது தவிர வேறு வழியில்லை. அங்கே கேள்வி நிற்கவைத்து ஏற்றுவதா, படுக்கவைத்தா என்பது. நிற்கவைப்பதே நல்லது. படுக்கவைத்தால் கம்ப்ரசர் எண்ணெய் குழாய்களுக்குள் ஓடிவிடும். வேறு வழியின்றிப் படுக்கவைத்திருந்தால், புது வீட்டில் நிமிர்த்திவைத்து, படுத்திருந்த நேரம் அளவுக்காவது விட்டுவைத்த பிறகே பிளக்கைச் செருகுங்கள். ஏற்றி இறக்கும் ஆள்களிடம் எத்தனை மணிக்குப் படுக்கவைத்தார்கள் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.