நுரையீரல் புற்றுநோயாளிகளுக்கான இணையக் குழுக்கள்: ஓர் அனுபவ மதிப்புரை

முக்கூடலில் பீடி சுற்றியே பிள்ளைகளை ஆளாக்கிய, ஆனால் ஒரு நாளும் புகைத்தறியாத என் அத்தைக்கு நுரையீரலில் புற்றுநோய் என்று பாளையங்கோட்டையில் சொன்னபோது, அவரைப் போன்றோர் கூடும் இணையக் குழுக்களைத் தேடத் தொடங்கினேன்.

முதலில் சேர்ந்தது ஒரு தமிழ் வாட்ஸ்அப் குழு. காலை வணக்கப் படங்களுக்கிடையே மூலிகைப் பொடி விற்பவர் ஒருவர், மாத்திரையை நிறுத்தினால்தான் பொடி வேலை செய்யும் என்று குரல் செய்தி அனுப்பினார். குழுவை நடத்துபவர் வாய் திறக்கவில்லை. மூன்றாம் நாள் வெளியேறினோம்.

அதன் பிறகுதான், இந்நோயில் புற்றுத்திசுவில் காணப்படும் மரபணு மாற்றத்தின் பெயராலேயே குழுக்கள் இருப்பது தெரிந்தது. அத்தையின் திசுப் பரிசோதனையில் வந்தது ஈஜிஎஃப்ஆர் (EGFR) என்ற மரபணுவில் மாற்றம். அதற்கென 'ஈஜிஎஃப்ஆர் ரெசிஸ்டர்ஸ்' என்ற குழுவும், ஏஎல்கே, ராஸ்1 மாற்றங்களுக்குத் தனித்தனிக் குழுக்களும் உள்ளன. மாற்றத்தைப் பொறுத்தே மாத்திரை என்பதால், ஒரே வகை மாத்திரை உட்கொள்வோர் கூடும் இக்குழுக்களில் பேச்சு வீண்போவதில்லை. ஈஜிஎஃப்ஆர் மாற்றத்துக்கான மாத்திரையான ஓசிமெர்டினிப் தொடங்கியபின் அத்தைக்குக் கால் பெருவிரலில் நகச்சுத்து வந்து செருப்புப் போட முடியாமல் தவித்தபோது, அது இம்மருந்தின் அறியப்பட்ட பக்கவிளைவு என்பதையும், தாமதிக்காமல் மருத்துவரிடம் காட்ட வேண்டும் என்பதையும் அங்கே படித்துத்தான் அறிந்தோம். "எனக்கு மட்டுந்தான்னு இல்லையால?" என்றார், அன்று இரவுதான் அவருக்குச் சோறு இறங்கியது.

குறை, எல்லாம் ஆங்கிலம். நான்தான் வரிக்கு வரி படித்துச் சொல்ல வேண்டியிருக்கிறது. அமெரிக்க மாலை நேரத்தில் நடக்கும் காணொளிக் கூட்டம் நமக்கு விடியற்காலை. மரபணு அறிக்கை கையில் இல்லாதவர்கள் முதலில் அதைக் கேட்டு வாங்குங்கள். இல்லையெனில் எந்தக் குழுவில் சேர்வது என்றே தெரியாது.