ஃபெராஹீம்: உடம்பை விட்டுக் கிளம்ப மனசில்லாத கான்ட்ராஸ்ட்

அமெரிக்காவில் ஓர் ஆஸ்பத்திரியில் எம்ஆர்ஐ டெக்னாலஜிஸ்டாக இருக்கிறேன். எங்கள் அலமாரியில் கான்ட்ராஸ்ட் மருந்து, அதாவது உள்ளே இருப்பது படத்தில் தெளிவாகத் தெரிய ஊசியில் ஏற்றும் மருந்து, என்றால் பெரும்பாலும் கடோலினியம் என்ற உலோகம் கலந்ததுதான். டயாலிசிஸ் நோயாளிகளின் பெயர் பட்டியலில் இருந்தால்தான் ஃபெராஹீம் என்ற இரும்பு மருந்தின் குப்பி வெளியே வரும். ஊசி போட்ட பிறகு மெஷின் பக்கத்தில் நின்று பார்த்தவனின் விமர்சனம் இது. மருத்துவ ஆலோசனை வேண்டுமானால் டாக்டரிடம் கேளுங்கள்.

மருந்தின் பொதுப்பெயர் ஃபெருமாக்ஸிடால். குப்பியைத் தூக்கிப் பார்த்தால் கெட்டி டிகாஷன் மாதிரி இருக்கும், எதிர்ப்பக்கம் தெரியாது. அதில் மிதப்பவை நானோ துகள்கள். நடுவில் காந்தத்தன்மை உள்ள இரும்பு ஆக்ஸைடு, அதைச் சுற்றி ஒரு வகைச் சர்க்கரைச் சங்கிலியால் ஆன உறை. உறையோடு சேர்த்து அளந்தால் 17 முதல் 31 நானோமீட்டர். உறை இல்லாவிட்டால் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டி தட்டிவிடும், இரும்பும் கட்டுப்பாடில்லாமல் ரத்தத்தில் கலக்கும். "இரும்பை ஏற்றிவிட்டுக் காந்தத்துக்குள் தள்ளுகிறீர்களே, இழுத்துக்கொள்ளாதா?" என்று நோயாளிகள் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். துகள் அத்தனை சிறியது என்பதால் மெஷினுக்குள் இருக்கும்வரைதான் அதற்குக் காந்த குணம். வெளியே வந்ததும் போய்விடும். உள்ளே இருக்கும்போதும் இழுப்பது எதுவும் தெரியாது.

2009 இல் இது அனுமதி வாங்கியது படம் எடுப்பதற்காக அல்ல, சிறுநீரக நோயாளிகளின் ரத்தசோகைக்கு. 17 மில்லி குப்பியில் 510 மில்லிகிராம் இரும்பு. அதை எம்ஆர்ஐ பக்கம் இழுத்துவந்தது கடோலினியத்தின் கெட்ட பெயர். சிறுநீரகம் செயலிழந்தவர்களுக்குத் தோல் இறுகிக் கை கால் மடக்க முடியாமல் போகும் ஒரு நோய்க்கும் கடோலினியத்துக்கும் தொடர்பு உண்டு என்று 2006 இல் தெரியவந்தது. இன்று புழங்கும் கடோலினிய வகைகள் பலவற்றில் அந்த ஆபத்து மிக மிகக் குறைவு. ஆனாலும் பயம் முழுசாகப் போகவில்லை.

என்னைக் கேட்டால், பயத்துக்காக இல்லாமல் படத்துக்காகவே இதை வாங்கலாம். கடோலினியம் ரத்தக்குழாயில் பளிச்சென்று தெரிவது சில நொடிகள்தான், அதற்குள் நோயாளி மூச்சை விட்டுவிட்டால் போச்சு. ஃபெராஹீம் ரத்தக்குழாயை விட்டுச் சுலபத்தில் வெளியேறாது. பாதி அளவு குறையவே சுமார் 15 மணி நேரம் ஆகும். மூச்சைப் பிடிக்கச் சொன்னால் பாதியில் இருமிவிடும் ஒரு பெரியவருக்கு நான் நெஞ்சுப் பகுதியை அவசரமில்லாமல் மறுபடி மறுபடி எடுத்தேன். ஒவ்வொரு முறையும் சிரைகள் அதே வெளிச்சத்தோடு வந்தன. பழைய டயாலிசிஸ் குழாய் இருந்த பக்கத்தில், காரை எலும்புக்குக் கீழே ஓடும் பெரிய சிரை பாதியில் அறுந்த மாதிரி நின்றது. அடைபட்ட இடத்தைச் சுற்றிக்கொண்டு மெல்லிய சிரைகள் நெளிந்து நெளிந்து நெஞ்சுச் சுவர் வழியாகப் போயின. அடுத்த ஃபிஸ்டுலாவை (டயாலிசிஸுக்காகத் தமனியையும் சிரையையும் சேர்த்துத் தைக்கும் இணைப்பை) எந்தக் கையில் வைப்பது என்று யோசிக்கும் சர்ஜனுக்குத் தேவையான படம் அதுதான். பிறவி இதயக் கோளாறுள்ள குழந்தைகளுக்கு யுசிஎல்ஏ (லாஸ் ஏஞ்சலஸில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகம்) போன்ற இடங்களில் இதைப் பயன்படுத்துவதும் இதே காரணத்துக்காகத்தான்.

இனி குறைகள். முதல் குறை நேரம். கடுமையான ஒவ்வாமை, சில மரணங்கள் என்று செய்தி வந்த பிறகு 2015 இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ கட்டம் கட்டிய எச்சரிக்கை போட்டது. மருந்தை சலைனில் கலந்து குறைந்தது 15 நிமிடம் ட்ரிப்ஸாக ஏற்ற வேண்டும், அப்புறம் 30 நிமிடமாவது நோயாளியைக் கண்காணிக்க வேண்டும். பிபி பார்க்க நர்ஸ் ஒருவர் கூடவே நிற்க வேண்டும். அன்றைய அட்டவணை மொத்தமும் தள்ளிப்போகும், வெளியே காத்திருப்பவர்கள் முறைப்பார்கள். பல ஆஸ்பத்திரிகள் சேர்ந்து 2019 இல் வெளியிட்ட கணக்கில், படத்துக்காகப் போட்ட 4240 ஊசிகளில் உயிருக்கு ஆபத்தான விளைவு ஒன்றுகூட இல்லை. அதற்காக எங்கள் அறையில் யாரும் அந்த 30 நிமிடத்தைக் குறைப்பதில்லை, குறைக்கவும் கூடாது.

இரண்டாவது குறைதான் எரிச்சலூட்டுவது. ரத்தத்தை விட்டு வந்த துகள்களைக் கல்லீரல், மண்ணீரல், எலும்பு மஜ்ஜையில் உள்ள செல்கள் விழுங்கிவிடும். உறை கழன்று, இரும்பு உடம்பின் கையிருப்பில் சேரும். ரத்தசோகைக்காரருக்கு அது லாபம்தான். எங்களுக்கு அது தலைவலி, ஏனென்றால் 3 மாதம் வரைகூட எம்ஆர்ஐ படம் மாறித் தெரியலாம். வேறொரு கிளினிக்கில் ரத்தசோகைக்கு இதை ஏற்றிக்கொண்ட ஒருவர், கட்டி இருக்கிறதா என்று கல்லீரலைப் பார்க்க எங்களிடம் வந்தார். அனுப்பியவர்கள் ஒரு வரிகூட எழுதவில்லை. டி2 என்ற வகை எம்ஆர்ஐ படத்தில் கல்லீரல் இருந்த இடம் கரிக்கட்டையாக வந்தது. மெஷினில்தான் கோளாறு என்று நினைத்து சிக்னலை வாங்கும் காயிலை மாற்றிப் பார்த்தோம். கடைசியில் அவர் மனைவிதான், "போன மாசம் கறுப்பாக ஒரு ட்ரிப்ஸ் போட்டார்களே" என்றார்.

சிரைகளுக்கும் டயாலிசிஸ் நோயாளிகளுக்கும் என் மதிப்பெண் ஐந்துக்கு நாலரை. முழங்கால் வலி மாதிரி சாதாரண ஸ்கேனுக்கு இதைக் கேட்காதீர்கள், அங்கே கான்ட்ராஸ்டே பெரும்பாலும் தேவைப்படாது. இரும்பு ட்ரிப்ஸ் போட்டுக்கொண்டவர்கள் எம்ஆர்ஐக்கு வரும்போது மருந்தின் பெயரையும் தேதியையும் ஒரு சீட்டில் எழுதி எடுத்து வாருங்கள். முன்கூட்டியே தெரிந்தால் டி1 என்ற இன்னொரு வகைப் படங்களை நம்பி ஓட்டலாம், அல்லது சிடி ஸ்கேனுக்கு அனுப்பலாம். அங்கே இந்த இரும்பு ஒன்றும் செய்யாது.