கோவையில் சின்ன கேபினட், வாட்டர் கூலர் என்று மெஷின் அசெம்பிள் கொடுக்கப் போகிறவர்கள் கவனத்துக்கு

சின்ன கேபினட்டில் (மெஷினின் வெளிப் பொட்டி) லிக்விட் கூலர் வைத்து டெஸ்க்டாப் அசெம்பிள் செய்யக் கொடுத்திருப்பவர்கள், பாக்கிப் பணத்தைக் கட்டுவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். கோவையில் ஒரு கடை எனக்கு எஸ்டிமேட்டில் ஒரு கேபினட்டை எழுதிக் கொடுத்துவிட்டு வேறொன்றில் மெஷினை மாட்டித் தந்தது. சாமான் உள்ளே பத்தவில்லை என்றதும் தகட்டை அறுத்தார்கள். சூடு ஏறுகிறதே என்று திரும்பக் கொண்டுபோனால், சீல் வைத்த கூலரைத் திறந்து கேன் தண்ணீரை ஊற்றினார்கள். புகார் நடப்பதால் கடைப் பெயரைப் போடவில்லை. நடந்ததை மட்டும் எழுதுகிறேன்.

திருப்பூரில் பனியன் கம்பெனிகளுக்குப் பிரிண்ட் டிசைனும் முப்பரிமாண சாம்பிளும் செய்து கொடுப்பது என் தொழில். சாம்பிளை ரெண்டர் (முழுப் படமாகக் கணக்கிட்டு உருவாக்குவது) போட்டால் பிராசஸர் மணிக்கணக்கில் முழு வேகத்தில் ஓடும். சீசனில் மெஷின் ஆபீசுக்கும் அவிநாசி வீட்டுக்கும் மாறி மாறிப் போக வேண்டும் என்பதால்தான் சின்னதாகக் கேட்டேன். பிராசஸர் ரைசன் 9 7900எக்ஸ். அட்டையில் 170 வாட் என்று போட்டிருந்தாலும் முழு லோடில் 230 வாட் வரை இழுக்கும். அவ்வளவு சூட்டைச் சின்னப் பொட்டிக்குள் சமாளிக்கத்தான் 240 லிக்விட் கூலர். பிராசஸர் சூட்டைத் தண்ணீர் ரேடியேட்டருக்குக் கொண்டுபோகும், அங்கே ஃபேன் அதை வெளியேற்றும்.

எஸ்டிமேட் வாட்ஸ்அப்பில் வந்தது. கேபினட் கூலர் மாஸ்டர் என்ஆர்200பி, எஸ்எம்பிஎஸ் (மெஷினுக்குக் கரண்ட் கொடுக்கும் பெட்டி) எஸ்எஃப்எக்ஸ் என்ற சின்ன சைஸ் என்று தெளிவாக எழுதியிருந்தார்கள். 18 லிட்டர் சொச்சம் கொள்ளளவுள்ள கேபினட் அது. 2020-இல் வந்தது, இந்தச் சைஸில் நிறையப் பேர் வைத்திருக்கிறார்கள். அதில் ரேடியேட்டர் பக்கவாட்டில் நிற்கும். கிராபிக்ஸ் கார்டின் நீளத்தைத் தின்னாது. எதிரே காற்று போக ஓட்டையுள்ள தகடு. இதையெல்லாம் படித்துப் பார்த்துத்தான் ஒத்துக்கொண்டு அட்வான்ஸ் அனுப்பினேன்.

மெஷினை எடுக்கப் போனபோது மேஜை மேல் இருந்தது முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி போட்ட வேறு கேபினட். கேட்டதற்கு, "அது ஸ்டாக் இல்லீங்ணா. இதும் அதே சைஸுதானுங்க. கண்ணாடி வேற, பார்வையா இருக்கு. 240 தாராளமா பத்துமுங்ணா" என்றார். வேலை முடிந்து ஓடிக்கொண்டிருந்த மெஷின். மறுநாள் காலையில் எனக்கு பையர் மீட்டிங். எடுத்து வந்துவிட்டேன். எஸ்எம்பிஎஸ்ஸும் மாறியிருந்தது என்பதை வீட்டுக்கு வந்து எஸ்டிமேட்டையும் மெஷினையும் வைத்துப் பார்த்தபோதுதான் கண்டுபிடித்தேன். எஸ்எஃப்எக்ஸுக்குப் பதில் சாதாரண ஏடிஎக்ஸ். எஸ்எஃப்எக்ஸ் 125க்கு 100 மில்லிமீட்டர், உயரம் 63.5. ஏடிஎக்ஸ் 150 அகலம், 86 உயரம், நீளம் 140-இல் ஆரம்பிக்கும். சின்னப் பொட்டிக்குள் இந்த வித்தியாசம் ஒரு கை நுழையும் இடம். அதே வாட்டில் ஏடிஎக்ஸின் விலையும் நன்றாகக் குறைவு. எனக்குப் போட்ட விலையோ எஸ்டிமேட்டில் இருந்த விலை, ஒரு ரூபாய் குறையவில்லை. பில்லில் மாடலே இல்லை. "கேபினட் 1, எஸ்எம்பிஎஸ் 1" என்று மட்டும் இருந்தது.

இப்போது "240 பத்தும்" என்ற பேச்சுக்கு வருகிறேன். சின்ன கேபினட் வாங்குகிற யாரையும் இந்த இடத்தில்தான் கவிழ்க்க முடியும். அந்தக் கேபினட்டின் அட்டையில் இரண்டு வரி அச்சடித்திருக்கிறது. முன்பக்கம் 240 ரேடியேட்டர் வைக்கலாம்; கிராபிக்ஸ் கார்டு 325 மில்லிமீட்டர் வரை வைக்கலாம். தனித்தனியாக இரண்டும் சரி. ஒட்டுக்கா வைக்கும்போது கணக்கே வேறு. ரேடியேட்டர் கனம் 27, அதன் மேல் வரும் ஃபேன் 25, ஆக 52. 325-இல் 52 போனால் 273. என் கார்டு 300. அந்தப் பொட்டிக்குள் இந்த இரண்டும் சேர்ந்து போகவே போகாது என்று கடைக்காரருக்கு டேப் வைத்து அளந்தாலே தெரிந்திருக்கும். 240 என்ற எண்ணும் ரேடியேட்டரின் நீளம் ஆகாது. இரண்டு 120 ஃபேனின் நீளம் அது. இரண்டு முனையிலும் உள்ள தொட்டியைச் சேர்த்தால் ரேடியேட்டர் 275 மில்லிமீட்டர் பக்கம் வந்துவிடும்.

போகாததை எப்படிப் போக வைத்தார்கள் என்பது கண்ணாடியைக் கழற்றிய அன்றுதான் தெரிந்தது. கூலரோடு கம்பெனி கொடுத்த 25 மில்லிமீட்டர் ஃபேன் இரண்டையும் காணோம். அதற்குப் பதில் பெயர் இல்லாத 15 மில்லிமீட்டர் மெல்லிசு ஃபேன் இரண்டைச் சட்டத்துக்கு வெளியே, கண்ணாடிக்குப் பின்னால் செருகியிருந்தார்கள். அது உட்காரச் சட்டத்தின் விளிம்பை கிரைண்டரால் அறுத்திருந்தார்கள். அறுத்த ஓரத்தில் பெயிண்ட் இல்லை, அரம் கூடப் போடவில்லை. விரலை வைத்தால் கிழிக்கும். இரும்புத்தூள் ஃபேனின் நடுக்குமிழில் மீசை மாதிரி ஒட்டிக்கொண்டிருந்தது, அதற்குள் காந்தம் இருக்கிறது அல்லவா. மதர்போர்டின் கீழ் ஓரத்திலும் தூள் கிடந்தது. கரண்ட் ஓடுகிற போர்டு மேல் இரும்புத்தூள்! ஷார்ட் ஆகாமல் தப்பித்ததே பெரிது.

ஃபேன் வெளியே போனாலும் ரேடியேட்டர் உள்ளேதானே? 325-இல் 27 போனால் 298. கார்டு 300. பத்தாமல் போன அந்த இரண்டு மில்லிமீட்டரை அமுக்கியே ஏற்றியிருக்கிறார்கள். கார்டின் முனை ரேடியேட்டரில் குத்திக்கொண்டு நின்றது. குத்திய இடத்தில் கட்டைவிரல் அகலத்துக்கு அலுமினியத் தகடுகள் மடிந்து ஒன்றன் மேல் ஒன்று படுத்துவிட்டன. அந்த வழியே காற்று போகாது. முன்னால் கண்ணாடி, காற்று நுழைய கீழே ஒரு விரற்கடைச் சந்து. இதற்குள் மெல்லிசு ஃபேன் எந்தக் காற்றை இழுக்கும்?

ரெண்டர் போட்ட சில நிமிஷத்தில் பிராசஸர் 95 டிகிரிக்குப் போய் அங்கேயே நின்றது. போன் செய்தால், "ரைசன்ல 95 நார்மலுங்ணா, கம்பெனியே சொல்லிருக்கானுங்க" என்று பதில். இதில் பாதி உண்மை இருப்பதால்தான் பல பேர் இதோடு வாயடைத்துப் போகிறார்கள். 7000 வரிசை ரைசனை முழு லோடில் 95 வரை போகும்படிதான் வடிவமைத்திருக்கிறோம் என்று ஏஎம்டியே சொல்லியிருக்கிறது. ஆகவே டிகிரியை மட்டும் பார்த்தால் கூலர் வேலை செய்கிறதா என்று தெரியாது. வேகத்தைப் பார்க்க வேண்டும். 7900எக்ஸின் அடிப்படை வேகமே 4.7 கிகாஹெர்ட்ஸ். நல்ல கூலர் இருந்தால் 95-இல் நின்றாலும் அதற்கு மேல்தான் ஓடும். என்னுடையது 4-க்குக் கீழே விழுந்தது. கூலர் சூட்டை வெளியேற்றவில்லை என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டாம். எச்டபிள்யூஇன்ஃபோ என்ற இலவச மென்பொருளில் வேகம், வாட், டிகிரி மூன்றும் வரும். ஓடும்போதே படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். நான் எடுத்து வைத்தது இப்போது புகாரோடு இணைந்திருக்கிறது.

படத்தை அனுப்பியதும் பேச்சு மாறியது. "திருப்பூருங்களா? பஞ்சு ஏறியிருக்குமுங்ணா." நம் ஊரில் பஞ்சு பெரிய விஷயம்தான், மறுக்கவில்லை. திருப்பூர், பல்லடம், சோமனூர்ப் பக்கம் நிட்டிங்கும் விசைத்தறியும் ஓடுகிற இடங்களில் ரேடியேட்டர் இடுக்கில் பஞ்சு போர்வையாகப் படியும். அதனால்தான் கழற்றிக் கழுவும் வலையுள்ள கேபினட்டை முதலிலேயே கேட்டிருந்தேன். அவர்கள் கொடுத்ததில் வலையே கிடையாது. மெஷினும் புதுசு, இடுக்கில் பஞ்சும் இல்லை. அந்தப் படத்தையும் அனுப்பினேன். "கொண்டாங்க, பாத்து செஞ்சு தர்றோமுங்க" என்றார்கள்.

கொண்டுபோய்க் கொடுத்துத் திரும்ப எடுத்தபோது "கூலண்ட் ரீஃபில்" என்று தனியாகச் சார்ஜ் போட்டிருந்தார்கள். எனக்கு தூக்கிவாரிப்போட்டது. இந்த வகைக் கூலர் தொழிற்சாலையிலேயே தண்ணீர் அடைத்து மூடி வருவது. ஒரு சில மாடல்களில் நிரப்புவதற்கென்று துளை இருக்கும், என்னுடையதில் இல்லை. ஸ்டிக்கரைக் கிழித்து, ஸ்குரூவைக் கழற்றி, என்ன ஊற்றினீர்கள் என்று கேட்டேன். "ஆர்ஓ தண்ணிதானுங்ணா, சுத்தமான தண்ணி" என்று மூலையில் இருந்த குடிதண்ணீர்க் கேனைக் காட்டினார் வேலை செய்த பையன். அவனை நான் குறை சொல்ல மாட்டேன். முதலாளி சொன்னதைச் செய்திருக்கிறான்.

என் மச்சினன் கோவையில் பம்ப் கம்பெனியில் வேலை செய்கிறான். விஷயத்தைக் கேட்டதும், "ஏனுங்க மாமா, செம்பும் அலுமினியமும் ஒட்டுக்கா இருக்கற எடத்துல வெறுந்தண்ணி ஊத்துவாங்களா?" என்று கேட்டான். அதேதான். பிராசஸர் மேல் உட்காரும் தட்டு செம்பு. ரேடியேட்டர் பெரும்பாலும் அலுமினியம். இரண்டு உலோகத்தையும் ஒரே தண்ணீர் தொட்டால் அலுமினியம் அரிக்க ஆரம்பிக்கும். கம்பெனி அடைத்துத் தரும் திரவத்தில் அரிப்பைத் தடுக்கும் மருந்தும் பாசி பிடிக்காமல் இருக்க மருந்தும் சேர்த்திருக்கும். ஆர்ஓ தண்ணீரில் அதெல்லாம் இல்லை, கொஞ்சம் உப்பும் மிச்சம் இருக்கும். சிறுவாணித் தண்ணீர் ஆனாலும் குடிக்கத்தான் ஆகும், கூலருக்கு ஆகாது. அரித்த தூள் செம்புத் தட்டின் மெல்லிய வரிகளில் போய் அடைக்கும், அப்புறம் பம்ப் ஓடியும் பிரயோஜனம் இல்லை.

கூலர் கம்பெனியின் சர்வீஸ் சென்டரில் சீல் உடைந்ததைக் காட்டி வாரண்டியை மறுத்துவிட்டார்கள். அவர்கள் மேல் எனக்கு வருத்தம் இல்லை. வருடக்கணக்கில் பாக்கியிருந்த வாரண்டியை ஒரு ஸ்குரூ டிரைவரால் இல்லாமல் செய்தது கடைதான். பணத்தைத் திருப்பிக் கேட்டால், பில்லின் அடியில் இருக்கும் "விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது" என்ற வரியைக் காட்டுகிறார்கள். குறையுள்ள பொருளுக்கு அந்த வரி செல்லாது. 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில், பில்லில் சொன்ன கெடுவுக்குள், கெடு சொல்லாவிட்டால் 30 நாளுக்குள், குறையுள்ள பொருளைத் திரும்ப எடுத்துப் பணம் தர மறுப்பது முறையற்ற வணிக நடைமுறை என்றே இருக்கிறது. பில் கொடுக்க மறுப்பதும் அப்படியே. கடை கோவையில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்து நுகர்வோர் ஆணையத்திலேயே புகார் கொடுக்கலாம். அதனால் நான் திருப்பூரில் கொடுத்தேன். 5 லட்சம் வரை கொடுத்து வாங்கிய பொருளுக்குக் கட்டணம் இல்லை. 2 வருடத்துக்குள் கொடுக்க வேண்டும். முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் கூப்பிட்டுப் பதிவு செய்யுங்கள், பேசியே தீர்க்கவும் முயற்சி எடுக்கிறார்கள். எனக்குக் கைகொடுப்பது வாட்ஸ்அப் எஸ்டிமேட்டும், ஜிபேயில் அனுப்பிய அட்வான்ஸும், "கூலண்ட் ரீஃபில்" என்று அவர்களே கைப்பட எழுதிய சீட்டும்தான். பில் இல்லாமல் வாங்கினால் 18 சதவீத ஜிஎஸ்டி மிச்சம் என்று ஆசை காட்டுவார்கள். தயவுசெய்து போகாதீர்கள்.

புதிதாகக் கொடுக்கப் போகிறவர்களுக்கு: எஸ்டிமேட்டில் கேபினட், எஸ்எம்பிஎஸ், கூலர் மூன்றுக்கும் முழு மாடல் பெயர் எழுதச் சொல்லுங்கள், அதே பெயர்கள் பில்லிலும் வர வேண்டும். "ரேடியேட்டர் எந்தப் பக்கம், அதை வைத்த பிறகு கார்டுக்கு எத்தனை மில்லிமீட்டர் மிச்சம்?" என்று கேளுங்கள். தெரிந்த கடைக்காரர் உடனே சொல்லிவிடுவார். ரேடியேட்டரை எந்தப் பக்கம் வைத்தாலும் அதன் மேல் முனை பம்பைவிட உயரத்தில் இருக்க வேண்டும்; காற்றுக்குமிழி மேலே போய்த்தான் சேரும், அது பம்பில் சேரக் கூடாது. லியான் லி ஏ4-எச்2ஓ மாதிரி 11 லிட்டர் கேபினட்டில்கூட 240 கூலர் போகிறது. மேல்புறம் அதற்கென்றே இடம் விட்டிருக்கிறார்கள். ஆனால் ஃபேனோடு சேர்த்துக் கனம் 55-க்குள் இருக்க வேண்டும், கார்டைத் தனியே ஒரு கேபிள் போட்டு இணைக்க வேண்டும். அந்தக் கேபிள் பிசிஐஇ (கார்டை மதர்போர்டோடு இணைக்கும் முறை) 3.0 தலைமுறையாக இருந்து கார்டு 4.0 ஆக இருந்தால் ஸ்கிரீன் வராமல் படுத்தும், பயாஸில் (மதர்போர்டின் செட்டிங் திரை) 3.0 என்று மாற்றினால் சரியாகிவிடும். கார்டு கெட்டுவிட்டது, மாற்ற வேண்டும் என்று சொன்னால் நம்பாதீர்கள்.

இன்னொன்று, சிலருக்கு வாட்டர் கூலரே தேவைப்படாது. ரைசன் 7 7700 போன்ற 65 வாட் பிராசஸருக்கு நல்ல ஏர் கூலர் போதும். என்ஆர்200பியில் 155 மில்லிமீட்டர் உயரக் கூலர் வரை போகும். அழகுக்காக வாட்டர் கூலரைத் தலையில் கட்டப் பார்த்தால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

டெலிவரி எடுக்கும்போது பக்கத் தகட்டைக் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். கூலரோடு வந்த ஃபேன், ஸ்குரூ பாக்கெட், காலி அட்டைப்பெட்டி எல்லாவற்றையும் கேட்டு வாங்குங்கள். கூலரின் சீரியல் எண்ணும் அட்டையில் உள்ள எண்ணும் ஒன்றா என்று பாருங்கள். கடையிலேயே அரை மணி நேரம் முழு லோடில் ஓடவிட்டு வேகத்தைப் பார்த்த பிறகு பாக்கியைக் கட்டுங்கள். "கூலண்ட் ரீஃபில்" என்று உங்களிடம் ஏற்கெனவே பணம் வாங்கியிருந்தால் அந்தக் கூலரைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். உடைந்த சீலோடு அப்படியே எடுத்து வையுங்கள், ஆணையத்தில் காட்ட அதுதான் வேண்டும்.