விவாகரத்துச் செலவு: அண்ணாவின் கடனா, கடன் நிறுவனமா, கணவர் கட்டும் உத்தரவா?

இங்கிலாந்தில் விவாகரத்து என்றதும் நம் ஆட்கள் முதலில் கேட்பது, "சொலிசிட்டர் (வழக்கறிஞர்) செலவை அவர்தானே கட்ட வேண்டும்?" என்பதுதான். நானும் அப்படித்தான் நம்பியிருந்தேன். விட்டுப் போனது என் கணவர், வீடு அவர் பெயரில், நல்ல சம்பளமும் அவருக்குத்தான். ஆனால் இங்கிலாந்து, வேல்ஸ் நீதிமன்றங்களில் சொத்துப் பங்கீட்டு வழக்குக்கு 2006 முதல் இருக்கும் பொதுவிதி, அவரவர் செலவு அவரவருக்கு என்பது. யார் மேல் பிழை என்ற பேச்சே இதில் கிடையாது. 2022 ஏப்ரல் 6-க்குப் பிறகு விவாகரத்து வாங்கக்கூடப் பிழை சொல்ல வேண்டியதில்லை. ஒருவர் சொத்தை மறைத்தால், நியாயமாகப் பேச மறுத்தால், 2024 ஏப்ரலிலிருந்து சரியான காரணம் இல்லாமல் சமரசப் பேச்சைத் தட்டிக் கழித்தாலும், மற்றவரின் செலவை நீதிபதி அவர் தலையில் போடலாம். போடுவார் என்று நம்பி இருக்க முடியாது. அதோடு அந்தக் காசு வந்தாலும் பிறகுதான் வரும், சொலிசிட்டரோ முதல் வாரமே முன்பணம் கேட்கிறார்.

அதனால் உண்மையான கேள்வி, வழக்கு முடியும்வரை யார் காசில் நடத்துவது என்பதுதான். அரசின் சட்ட உதவி, குடும்ப வன்முறைக்கு ஆதாரம் இருந்து வருமானமும் குறைவாக இருந்தால் கிடைக்கும். அந்த நிலையில் இருப்பவர்கள் வேறு எதையும் யோசிக்காமல் அதைக் கேளுங்கள், பின்னால் கிடைக்கும் சொத்திலிருந்து திருப்பிக் கட்ட வேண்டி வரலாம் என்றாலும். கடன் அட்டை வேண்டாம், அதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை. மீதி இருந்தவை மூன்று: அண்ணாவின் காசு, வழக்குச் செலவுக்கென்றே கடன் கொடுக்கும் நிறுவனங்கள், கணவரே என் சொலிசிட்டர் செலவுக்கு மாதாமாதம் பணம் தர வேண்டும் என்று நீதிமன்றம் போடும் இடைக்கால உத்தரவு. நான் மூன்றாவதைத்தான் எடுத்தேன், யாராவது கேட்டால் அதைத்தான் முதலில் சொல்வேன். ஆனால் தொடங்கியது அண்ணாவின் காசில். பிழையும் அங்கேதான் நடந்தது.

அண்ணா 4,000 பவுண்ட் அனுப்பினார். நான் கேட்கக்கூட இல்லை, அழுதுகொண்டு போன் எடுத்த அன்று இரவே வங்கியில் போட்டுவிட்டார். குறிப்பில் "தங்கச்சிக்கு" என்று ஆங்கில எழுத்தில் அடித்திருந்தார். வட்டி இல்லை, தவணை இல்லை, எழுத்தில் ஒன்றுமில்லை, நம் வீடுகளில் யார் அண்ணனிடம் எழுதி வாங்குகிறார்கள்? மாதக்கணக்கில் கழித்து இரு பக்கத்துச் சொத்தும் கடனும் போடும் அட்டவணை வந்தது. அதில் ஒவ்வொரு வரிக்கும் கணவர் சொல்லும் தொகை ஒரு பக்கம், நான் சொல்லும் தொகை ஒரு பக்கம். அண்ணாவின் கடன் என்ற வரியில் என் பக்கம் 4,000, அவர் பக்கம் 0. "குடும்பத்தார் தந்தது, திருப்பிக் கேட்க மாட்டார்கள்" என்று அவருடைய சொலிசிட்டர் எழுதியிருந்தார்.

எனக்கு வந்த கோபம் கொஞ்சமல்ல. ஆனால் அது வீம்புக்குச் சொன்னது இல்லை. இங்குள்ள நீதிபதிகள் கடனைக் கட்டாயம் கட்ட வேண்டியது, கட்டாவிட்டாலும் யாரும் வந்து நிற்காதது என்று இரண்டாகப் பார்க்கிறார்கள். 2022-இல் பி எதிர் கியூ என்ற வழக்கில் நீதிபதி ஹெஸ் இதற்கு என்னென்ன பார்க்க வேண்டும் என்று விரிவாகவே எழுதினார்: கொடுத்தது நிறுவனமா உறவினரா, எழுத்தில் ஒப்பந்தம் உண்டா, திருப்பிக் கேட்டு யாராவது கடிதம் போட்டார்களா, கேட்காமலே விட்டுவிடக்கூடிய தொகையா. அண்ணாவின் காசு இந்த ஒவ்வொரு கேள்வியிலும் தோற்றது. இப்படிக் கணக்கில் வராத கடனை, பங்கு பிரித்த பிறகு உங்கள் பங்கிலிருந்து நீங்களே தனியாகக் கட்ட வேண்டியதுதான். மூன்று வழியையும் நான் ஒப்பிடுவது இந்த ஒரு அளவுகோலில்: கடைசி அட்டவணையில் இந்தக் காசு எந்த வரியில், யார் பக்கம் வரும்?

கடன் நிறுவனத்தின் காசு பொதுவாகக் கட்டாயக் கடன் என்றே எண்ணப்படும், அது நல்லது. ஆனால் வட்டி ஏறிக்கொண்டே இருக்கும். வழக்கு இழுபட இழுபட உங்கள் பங்குதான் தேயும். அந்த வட்டியை மற்றவர் சுமக்க வேண்டும் என்று நீதிபதி சொல்லியே ஆக வேண்டும் என்றும் இல்லை. நான் விண்ணப்பித்த இரண்டு நிறுவனங்களும் மறுத்துவிட்டன. அன்று அழுதேன். பிறகுதான் தெரிந்தது, அந்த மறுப்புக் கடிதங்கள்தான் எனக்குத் தேவைப்பட்ட ஆதாரம் என்று.

ஏனென்றால் கணவர் கட்டும் அந்த இடைக்கால உத்தரவைக் கேட்க (2013-இல் சட்டத்தில் சேர்ந்தது), சொலிசிட்டர் செலவுக்கு வேறு வழியில் பணம் திரட்ட முடியாது என்று காட்ட வேண்டும். 2014-இன் ரூபின் வழக்கில் நீதிபதி மோஸ்டின் சொன்னபடி, நம்பகமான இரண்டு கடன் நிறுவனங்கள் மறுத்தால் பொதுவாக அது போதும். அதோடு, கடைசியில் வரும் சொத்திலிருந்து எடுத்துக்கொள்கிறேன் என்று காத்திருக்க உங்கள் சொலிசிட்டர் சம்மதிக்கவில்லை என்பதும் எழுத்தில் வேண்டும். என் சொலிசிட்டர் ஒரே வரியில் முடியாது என்று எழுதித் தந்தார்.

முதலில் ஒரு கடிதம்தான் போட்டோம்: மாதம் 2,500 வீதம் தாருங்கள், இல்லாவிட்டால் விண்ணப்பிப்போம். பதில் இல்லை. விண்ணப்பித்தோம். விசாரணை அன்று காலை, உள்ளே கூப்பிடுவதற்கு முன்பே, 1,800-க்குச் சம்மதித்தார்கள். சமரச விசாரணை (இறுதி விசாரணைக்கு முன் நீதிபதி இரு பக்கத்தையும் ஒப்பந்தத்துக்குக் கொண்டுவர முயலும் அமர்வு) முடியும்வரை மாதாமாதம் நேரே என் சொலிசிட்டரின் கணக்குக்கு வந்தது. கடைசி ஒப்பந்தத்தில் அந்தத் தொகையில் பாதியை என் பங்கில் கழித்தார்கள். ஆகவே அது இலவசப் பணம் இல்லை. ஆனால் வட்டி இல்லை, முழுவதும் என் தலையிலும் விழவில்லை, எதிர்ப்பக்கம் 0 என்று எழுதவும் முடியாது.

எல்லோருக்கும் இது சரிவராது. அவரிடமே கையில் காசு இல்லை, எல்லாம் வீட்டில் முடங்கியிருக்கிறது என்றால் உத்தரவு வாங்கியும் பயனில்லை. இன்னொன்று, அவரவர் செலவு அவரவருக்கு என்ற விதி இந்த இடைக்கால விண்ணப்பத்துக்குப் பொருந்தாது. தோற்றால் அன்றைய விசாரணைக்கு அவருடைய செலவையும் உங்களைக் கட்டச் சொல்லலாம். என் வழக்கு சமரச விசாரணையோடு முடிந்ததால், இறுதி விசாரணைவரை போகிறவர்களுக்கு இந்தக் கணக்கு எப்படி வரும் என்பதை என் அனுபவத்திலிருந்து சொல்ல முடியாது. அதற்குப் பணம் வேண்டுமென்றால் மறுபடியும் கேட்க வேண்டியிருக்கும்.

எப்படியும் முதல் சில வாரங்களுக்கு அண்ணாவிடமோ அக்காவிடமோதான் போவீர்கள். வாங்குங்கள். ஆனால் காசு கைக்கு வருமுன்னே தொகை, திருப்பும் நாள், இருவர் கையெழுத்து, இவை உள்ள ஒரு தாள் எழுதுங்கள். வங்கிக் குறிப்பில் கடன் என்று போடச் சொல்லுங்கள். தவணை நாள் தாண்டினால் எழுத்தில் கேட்கச் சொல்லுங்கள். அண்ணாவிடம் இதைக் கேட்க எனக்குக் கூச்சமாக இருந்தது. வீட்டுக் காசு வந்ததும் முழு 4,000-ஐயும் என் பங்கிலிருந்துதான் அவருக்கு அனுப்பினேன்.