வேலை சுத்தம், தேதிதான் பொய்

ஐந்துக்கு இரண்டு ஸ்டார். அதுவும் அந்தக் கைவேலைக்காக.

பட்டாளத்திலிருந்து வந்த பிறகு வங்கியில் கன்மேன் வேலை பார்க்கிறேன், சொந்த லைசென்ஸில் வாங்கிய இஷாப்பூர் .315 ரைபிள்தான் சோறு போடுகிறது. அதில் சுட்ட தோட்டாக் கூட்டைப் பிடித்து வெளியே இழுக்கும் கொக்கி, அதாவது எக்ஸ்ட்ராக்டர் தேய்ந்துபோய், பின்னால் கைப்பிடியோடு இருக்கும் போல்ட்டை இழுத்தால் போல்ட் மட்டும் வருகிறது, தோட்டாக் கூடு குழலின் அடியில் சேம்பருக்குள்ளேயே உட்கார்ந்துகொள்கிறது. மதுரை டவுனுக்குள் இருக்கும் ஒரு துப்பாக்கி ரிப்பேர் கடையில் கொடுத்தேன். "சின்ன வேலைண்ணே, பொங்கல் கழிச்சு வாங்க" என்றார். மாசி போச்சு, பங்குனி போச்சு, அழகர் ஆற்றில் இறங்கி மலைக்கே திரும்பிப் போய்விட்டார், ரைபிள் வரவில்லை.

போகும்போதெல்லாம் ஒரு காரணம். ஸ்பேர் வரவில்லை, ஆளுக்குக் காய்ச்சல், கரண்ட் இல்லை. ஒரு நாள் உள்ளே எட்டிப் பார்த்தால் சுவர் மூலையில் சாத்தி வைத்திருக்கிறார், கொடுத்த அன்று டிரிகர் கார்டில் கட்டிய சீட்டு அப்படியே தொங்குகிறது, ஸ்லிங் மேல் தூசி. போல்ட்டைக் கழற்றிக்கூடப் பார்க்கவில்லை! துப்பாக்கி இல்லாத கன்மேனுக்கு ஏஜென்சியில் சாதா வாட்ச்மேன் சம்பளம்தான், அந்த நஷ்டத்தை யார் கொடுப்பது?

சரி, வேறு இடம் பார்க்கலாம் என்றால் லேத் பட்டறையில் கொடுக்கிற சாமானா இது? 1959 ஆயுதச் சட்டப்படி ரிப்பேர் செய்யவே தனி லைசென்ஸ் வேண்டும், அது இருக்கிறவர்கள் நம்ம பக்கம் ரொம்பக் குறைவு. அந்தத் தெனாவட்டுதான் அவருக்கு. லைசென்ஸ் ரினியூவலுக்குத் துப்பாக்கியைக் காட்டச் சொல்கிறார்கள், ஸ்டேஷனில் உங்கள் கடைப் பேரைச் சொல்லட்டுமா என்று கேட்ட பிறகுதான் ஆள் அசைந்தார்.

ஆனால் வேலையைக் குறை சொல்ல முடியாது. ஸ்பேர் கிடைக்காததால் ஸ்டீலில் வெட்டி, அரத்தால் ராவி, பதம் கொடுத்து எக்ஸ்ட்ராக்டரைப் புதுசாகவே செய்திருக்கிறார். என் கண் முன்னால் காலிக் கூட்டைப் போட்டு போல்ட்டை இழுத்தார், டக்கென்று தெறித்துத் தரையில் விழுந்தது. கூலியும் நியாயம்தான்.

அங்கே கொடுக்கிறவர்கள் ஸ்பேர் கைவசம் இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். இல்லையென்றால் வந்த பிறகு கூப்பிடச் சொல்லிவிட்டு ரைபிளோடு வீட்டுக்கு வந்துவிடுங்கள். விட்டுவிட்டுத்தான் வரவேண்டும் என்றால் துப்பாக்கி நம்பர், கொடுத்த தேதி, திருப்பித் தரும் தேதி மூன்றையும் ரசீதில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். "நம்ம கடைதானேண்ணே" என்பார், விடாதீர்கள். துப்பாக்கி எங்கே என்று போலீஸ் கேட்டால் காட்ட அந்த ரசீது ஒன்றுதான் உங்களிடம் இருக்கும்.