13 அடி அங்கணக் குழாய்க்கு 42 அடி பில்லு போட்டாங்க, ராம்நாடு கடக்கரை மக்களே உஷார்

கீழக்கரைல எங்க வீடு தாத்தா காலத்து வீடு. செவரு பாதி பவளக்கல்லும் சுண்ணாம்பும். அடுப்படிக்கு பின்னால பாத்திரம் கழுவுற அங்கணம், அங்கருந்து பழைய பீங்கான் குழாய், அந்த செங்கப்பழுப்பு கலர்ல வருமே அதுதான், தரைக்கடியில போயி பின்கட்டு சேம்பர்ல, அதாவது மூடி போட்ட சின்ன தொட்டில விழும், அதுக்கப்புறம் தண்ணி மண்ணுல இறங்குற உறைக்குழி. ஒரு மாசமா அங்கணத்துல தண்ணி இறங்கமாட்டேங்குது, பாத்திரம் கழுவிட்டு வந்தா கரண்டக்காலு வரைக்கும் நிக்கிது, அரைமணி நேரம் கழிச்சு மெதுவா இறங்குது.

அடைப்பு எடுக்க எங்களுக்கு வழக்கமா வர்ற காக்காவுக்கு (அண்ணன நாங்க அப்படித்தான் கூப்புடுவோம்) போன் போட்டேன், ஏர்வாடி தர்கா சந்தனக்கூடு திருவிழா சமயம், அங்க வேலையா இருக்காராம், ஒரு வாரம் பொறுங்க தம்பின்னாரு. பொறுத்திருக்கணும். உம்மா ரெண்டு நாளா முணுமுணுக்குறாங்கன்னு போன்ல தேடி ஒரு நம்பரை புடிச்சேன். "விசிட் சார்ஜ் 199 ரூவா மட்டும் சார், மீதி வேலைய பாத்துட்டு"ன்னு ரொம்ப மரியாதையா பேசுனாங்க. அந்த "மீதி"ங்கிற வார்த்தைலதான் எல்லாமே இருந்துச்சு.

மறுநாள் ரெண்டு பேரு வண்டில வந்தாங்க. சேம்பர் எங்க இருக்குன்னு கேக்கல. முன்னாடி ஏதாச்சும் ஊத்துனீங்களான்னும் கேக்கல. லேபிளே இல்லாத ஒரு வெள்ள கேன்ல இருந்த ஆசிட்ட எடுத்து அங்கணத்துல மடமடன்னு ஊத்துனாப்ல. முந்துன ராத்திரிதான் நாத்தத்துக்காக நான் ப்ளீச்சிங் பவுடர் அள்ளி போட்டிருந்தேன், அது பாதி கரையாம அப்படியே கெடந்துச்சு. ஆசிட் அது மேல பட்டதும் மூக்க அறுக்குற மாதிரி ஒரு காட்டம், கண்ணுல தண்ணி, உம்மாவுக்கு இருமல் நிக்கவே இல்ல, எல்லாரும் வாசலுக்கு ஓடிட்டோம். ப்ளீச்சிங் பவுடரும் ஆசிட்டும் சேர்ந்தா குளோரின் கேஸ் வரும், அது காத்தை விட கனம், தரையோட தரையா தங்கும், அடைச்ச அடுப்படின்னா உயிருக்கே ஆபத்து. அந்தாளு என்னடான்னா "கெமிக்கல் வேலை செய்யுது சார்"னு சிரிக்கிறாப்ல. நானும் பவுடர் போட்டத சொல்லாம விட்டது தப்புதான், ஒத்துக்கிறேன். ஆனா தொழில் பண்றவன் கேக்கணுமா இல்லயா?

அப்புறம் குழாய்க்குள்ள ஸ்பிரிங்க சுத்தவிட்டு அடைப்பு எடுக்குற மெஷின் வந்துச்சு. பத்து நிமிஷம் கடகடன்னு ஓட்டிட்டு ரெண்டு வாளி தண்ணி ஊத்தி காட்டுனாப்ல, இறங்குச்சு. உடனே "மொத்தம் 42 அடி போயிருக்கு சார், அடிக்கு 350." 14,700. கெமிக்கலுக்கு 2,500. விசிட் 199. ஆகமொத்தம் 17,399. அடிக்கணக்குன்னு வாய தொறந்து ஒரு வார்த்த முன்னாடி சொல்லல.

அதோட விடல. போன்ல ஒரு வீடியோ காட்டி உள்ள குழாய் ஒடைஞ்சிருக்கு, தரைய தோண்டி புதுசு போடணும், 85,000 ஆகும், இல்லன்னா செப்டிக் டேங்குக்குள்ள பையனை இறக்கி பாக்கணும்னாப்ல. உம்மாவுக்கு வந்துச்சே கோவம். "யார் வீட்டுப் புள்ளைய எங்க வீட்டு குழிக்குள்ள இறக்குறே, வெளிய போ"ன்னு கத்துனாங்க. கையால மலம் அள்ளுறத தடுக்குற 2013 சட்டப்படி அப்படி ஆளை இறக்குறது குத்தம், தெரிஞ்சுக்கோங்க. அதுவும் எங்க அங்கணத் தண்ணி செப்டிக் டேங்குக்கே போகாது! பேசிப்பேசி கடைசில 12,000 ஜிபேல போட்டேன். பில்லுன்னு குடுத்தது துண்டுச்சீட்டு, பேரு இல்ல, ஜிஎஸ்டி நம்பர் இல்ல.

மூணாவது நாள் தண்ணி பழையபடி நின்னுச்சு.

சந்தனக்கூடு முடிஞ்சு காக்கா வந்தாரு. வந்தவரு அங்கணத்த எட்டிக்கூட பாக்கல, நேரா பின்கட்டுக்கு போயி சேம்பர் மூடிய தொறந்தாரு. "தம்பி, ஒரு வாளி ஊத்துங்க." ஊத்துனேன், சேம்பர்ல நூல் மாதிரி ஒழுகுது, அவ்வளவுதான். சேம்பர் ரொம்பி நின்னா அடைப்பு அதுக்கு அங்கிட்டு, காஞ்சு கெடந்தா வீட்டுக்கும் சேம்பருக்கும் நடுவுல, ரெண்டு நிமிஷத்துல தெரிஞ்சுபோச்சு. டேப் வச்சு அளந்தேன், அங்கணத்துலருந்து சேம்பர் 13 அடி. 42 அடி போயிருந்தா ஸ்பிரிங் சேம்பர்ல தலைய நீட்டி சலாம் சொல்லிருக்கும்.

அப்புறம் அங்கணத்துக்கு வந்து, தண்ணி இறங்குற ஓட்டைல இருக்குற நாணி ட்ராப்போட ஜல்லடைய கழட்டி உறை மாட்டிக்கிட்டு கைய விட்டு எடுத்தாரு. வெள்ளையா மெழுகு மாதிரி கட்டி கட்டியா, அதுக்குள்ள சோத்துப்பருக்கை, விளமீன் செதிலு, முடி. இங்க போர் தண்ணி உப்பும் கடுப்புமா இருக்குல்ல, சோப்பு நுரைக்காம திரிஞ்சு போயி எண்ணெப்பிசுக்கோட ஒட்டி சுண்ணாம்பாட்டம் இறுகிடுமாம். மெஷின் அதுல ஒரு ஓட்டைய மட்டும் போட்டிருக்கு, அதான் ரெண்டு நாள் ஓடிருக்கு. அடியில இன்னொன்னும் கெடச்சுச்சு, அவங்க ஸ்பிரிங்கு ஒடைஞ்சு ஒரு அடி துண்டு! அது வேற புதுசா குப்பைய புடிச்சு வச்சிருக்கு. அப்புறம் சேம்பர் பக்கத்துலருந்து மூங்கில் பிளாச்ச விட்டு குத்தி குத்தி இழுத்தாரு, முக்கா மணி நேரம், அங்கணம் சளசளன்னு இழுக்குது. 600 ரூவா வாங்குனாரு. "இனிமே சோத்துக்கஞ்சிய அங்கணத்துல கொட்டாதீங்க லாத்தா"ன்னு உம்மாகிட்ட சொல்லிட்டு டீய குடிச்சிட்டு கெளம்பிட்டாரு.

காக்கா போனப்புறம்தான் எனக்கு உறைச்சது, அவன் காட்டுன வீடியோல இருந்தது சாம்பக்கலர் பிவிசி பைப்பு. எங்க வீட்டுல தரைக்கடியில பிவிசியே கெடையாது.

ஆசிட் பட்ட எடத்துல மொசைக் வெளுத்து சொரசொரன்னு ஆயிடுச்சு, செவத்தோரம் சுண்ணாம்பு பூச்சு பொரிஞ்சு உதிருது. பவளக்கல்லு, சுண்ணாம்பு, சிமெண்ட் ஜாயிண்ட் எல்லாத்தையும் ஆசிட் அரிக்கும், நம்மூரு பழைய வீட்டுக்காரங்க யாரும் இத உள்ளயே விடாதீங்க. ஆளு வந்தா மொதல்ல சேம்பர தொறக்க சொல்லுங்க, தொறக்க மாட்டேன்னா 199 குடுத்து அனுப்பிடுங்க. அடிக்கணக்கா, மொத்தமான்னு மெஷின எறக்குறதுக்கு முன்னாடியே வாட்ஸ்அப்ல எழுதி வாங்குங்க.

1915 நுகர்வோர் ஹெல்ப்லைனுக்கு போட்டேன், பில்லு இருக்கான்னு கேட்டாங்க, துண்டுச்சீட்டையும் ஜிபே ஸ்க்ரீன்ஷாட்டையும் அனுப்பிருக்கேன். ஸ்பிரிங் துண்டு சன்ஷேடு மேல கெடக்கு. வந்து எடுத்துட்டுப் போங்கன்னு அந்த 199 ரூவா ஆளுங்க நம்பருக்கு நாலு தடவ அடிச்சேன், ரிங்கு போகுது, எடுக்கமாட்டேங்குறாப்ல.