ஊரைக் காலி செய்யும் நாளில் கைகொடுப்பது ஒரிஜினல் மெடிகேரா, அட்வான்டேஜா?

2018 நவம்பர் 8 அன்று கலிபோர்னியாவின் பாரடைஸ் நகரைக் காட்டுத்தீ சூழ்ந்தபோது, அங்கிருந்த ஃபெதர் ரிவர் மருத்துவமனையிலிருந்து நோயாளிகள் அனைவரும் அவசரமாக வெளியேற்றப்பட்டனர். ஓய்வுபெற்றோர் மிகுந்த அந்த ஊரில் வழக்கமான மருத்துவர், மருந்துக் கடை, ஆய்வகம் எல்லாமே ஒரே நாளில் எட்டாமல் போயின. அமெரிக்காவில் 65 வயதைக் கடந்தவர்கள் அரசே நடத்தும் ஒரிஜினல் மெடிகேர் மருத்துவக் காப்பீட்டுக்கும் அதற்கு மாற்றாகத் தனியார் நிறுவனங்கள் நடத்தும் மெடிகேர் அட்வான்டேஜுக்கும் இடையே தேர்ந்தெடுக்கும்போது மாதச் சந்தாவையும் பல், கண் சலுகைகளையும்தான் பெரும்பாலும் பார்க்கிறார்கள். காட்டுத்தீயோ சூறாவளியோ வரக்கூடிய பகுதியில் இருப்பவர்கள், வேறு மாநிலத்தில் போய்த் தங்க நேர்ந்தால் என்ன ஆகும் என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

இந்த ஒரு விஷயத்தில் ஒரிஜினல் மெடிகேரே எளிது. மெடிகேரை ஏற்கும் எந்த மருத்துவரிடமும், எந்த மாநிலத்திலும், யாருடைய பரிந்துரையும் இன்றிப் போகலாம். பேரிடர் அறிவிக்கப்பட்டதா என்ற கேள்வியே எழாது. குறை பணத்தில் இருக்கிறது. மருத்துவர் கட்டணத்தில் பொதுவாக 20 சதவீதம் நம் பொறுப்பு, அதற்கு ஆண்டு உச்சவரம்பும் கிடையாது. அதை ஈடுகட்டும் மெடிகேப் காப்பீட்டுக்குத் தனிச் சந்தா கட்ட வேண்டும்.

அட்வான்டேஜ் உறுப்பினருக்கும் அவசர சிகிச்சை நாட்டின் எந்த மூலையிலும் உண்டு. தற்காலிகமாக வெளியூரில் இருப்பவரின் டயாலிசிஸ் செலவையும் திட்டம் ஏற்றாக வேண்டும். சிக்கல் தொடங்குவது அதற்குப் பிறகு, தங்கியிருக்கும் ஊரில் இதய மருத்துவரைச் சாதாரணமாகப் பார்க்க வேண்டி வரும்போதுதான். திட்டம் ஒப்பந்தம் செய்துள்ள மருத்துவர்களின் வலையமைப்பில் அவர் இல்லாமல் போகலாம். அரசு பேரிடரை அறிவித்து, சிகிச்சை பெறுவதும் தடைப்பட்டிருந்தால், வலையமைப்புக்கு வெளியே உள்ள மெடிகேர் மருத்துவமனைகளின் செலவையும் வலையமைப்புக்குள் நாம் கட்டும் அதே பங்குக்கே திட்டம் ஏற்க வேண்டும், பரிந்துரைச் சீட்டும் கேட்கக் கூடாது. நல்ல விதிதான், ஆனால் அறிவிப்பில் முடிவுத் தேதி இல்லையென்றால் அந்தச் சலுகை பொதுவாக 30 நாளில் முடிந்துவிடும், எரிந்த வீடு அதற்குள் எழும்பிவிடாது. திட்டத்தின் சேவைப் பகுதிக்கு வெளியே ஆறு மாதத்துக்கு மேல் தங்கினால் பல திட்டங்களில் உறுப்பினர் தகுதியே போய்விடும்.

மருந்துக்கு வந்தால் வேறுபாடு குறைவு, ஏனெனில் இரு தரப்புக்கும் பார்ட் டி எனும் மெடிகேர் மருந்துக் காப்பீட்டின் விதிகளே பொருந்துகின்றன. பேரிடர்க் காலத்தில், நாள் வருமுன் மறுபடி மருந்து வாங்குவதற்கான தடை தளர்த்தப்படும். வலையமைப்பில் இல்லாத கடையிலும் வாங்கலாம், ஆனால் முழு விலையைக் கட்டிவிட்டுப் பின்னர் திரும்பக் கோர வேண்டியிருக்கலாம். இங்கே பெரிதும் பயன்படுவது, மருந்துச் சீட்டு எங்கே பதிவாகியிருக்கிறது என்பது. தபாலில் மூன்று மாத மருந்து வரவழைப்பது சிக்கனம், ஆனால் பொட்டலம் ஆளில்லாத முகவரிக்குப் போய் நிற்கும். நாடு தழுவிய சங்கிலிக் கடையில் வாங்குபவர் அடுத்த மாநிலக் கிளையில் பெயரையும் பிறந்த தேதியையும் சொன்னாலே பெரும்பாலும் போதும். (வலிநிவாரண ஓபியாய்டுகளுக்கு இந்தத் தாராளம் இல்லை.) எப்படி வாங்கினாலும் ஒவ்வொரு குப்பியின் லேபிளையும் கைபேசியில் படமெடுத்து வைப்பது நல்லது. பெரும்பாலான இன்சுலின் வகைகளை 15 முதல் 30 டிகிரி செல்சியஸ் வரை 28 நாள் வெளியே வைத்திருக்கலாம் என்பதால் அந்த வெப்பநிலையில் ஐஸ்கட்டி தேடி அலைய வேண்டாம், ஆனால் உறைந்தாலும் கெடும், அதிகம் சூடானாலும் கெடும். அதனால் மூடிய காரில் விட்டுவிடக் கூடாது.

அட்வான்டேஜில் பெரும்பாலும் மருத்துவத்துக்கும் மருந்துக்கும் ஒரே அட்டை, பின்புறம் ஒரே தொலைபேசி எண். பதற்றத்தில் அது சிறிய வசதி அன்று. இருந்தும், பல சிறப்பு மருத்துவர்களைச் சார்ந்திருப்பவர் தீ அபாயப் பகுதியில் வசித்தால், சந்தா கட்ட வழியிருக்கும்வரை ஒரிஜினலும் மெடிகேப்பும்தான் என் தேர்வு. வழியில்லையென்றால், வலையமைப்போடு நிறுத்திக்கொள்ளும் எச்எம்ஓ வகைத் திட்டத்தைவிட வெளி மருத்துவருக்கும் இடம்தரும் பிபிஓ அட்வான்டேஜ். அக்டோபர் 15 முதல் டிசம்பர் 7 வரையிலான சேர்க்கைக் காலத்தில் மாற நினைப்பவர், மெடிகேப் ஒப்புதல் கைக்கு வரும்வரை பழைய திட்டத்தை விடக் கூடாது. மருத்துவர் கட்டணத்துக்கான மெடிகேர் பகுதியான பார்ட் பியில் சேர்ந்த முதல் ஆறு மாதம் கடந்துவிட்டால், பெரும்பாலான மாநிலங்களில் உடல்நிலையைக் காரணம் காட்டி நிறுவனம் மறுக்க முடியும்.